சரக்கு வாங்கி வைக்காமல் ஆன்லைனில் துணி விற்க முடியுமா? ரீசெல்லிங் என்பது என்ன?

மொத்த வியாபாரி அனுப்பும் படங்களை, நம் லாபத்தைச் சேர்த்த விலையுடன் வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ பதிவிட்டு, வாடிக்கையாளர் பணம் செலுத்திய பிறகே அந்தத் துணிக்கு ஆர்டர் கொடுப்பதுதான் ரீசெல்லிங். சேலத்துக்கு அருகே உள்ள இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலைகளைப் பலரும் இப்படித்தான் விற்கிறார்கள்.

துணி வியாபாரத்தில் பணம் முடங்குவதற்கு விலையைவிட அளவும் நிறமுமே பெரிய காரணம். ஒரே சுடிதார் டிசைனை 4 அளவுகளில், 3 நிறங்களில் வாங்கினால் 12 உருப்படிகள் ஆகிவிடும். ஒன்று 350 ரூபாய் என்றாலும் 4,200 ரூபாய் அந்த ஒரு டிசைனிலேயே போய்விடுகிறது. நடுத்தர அளவுகள் விற்றுத் தீர்ந்து, மற்றவை அலமாரியில் தங்கிவிட்டால், வந்திருக்க வேண்டிய லாபம் முழுவதும் அந்த மடிப்புக் கலையாத துணிகளுக்குள்தான் இருக்கும். கல்யாணச் சமையல்காரர் முன்பணம் வாங்கிய பிறகு காய்கறி வாங்குவதைப் போல, ரீசெல்லிங்கில் விற்காத சரக்கின் சுமை நம்மிடம் வருவதில்லை.

பதிலுக்கு லாபம் குறையும். தரமும் நம் கையில் இருக்காது. ஆகவே அளவுப் பிரச்சினை இல்லாத சேலையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. விற்கும் முன் ஒரு சேலையையாவது வரவழைத்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் முந்தானையைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்; தமிழ்நாட்டில் இருப்பவருக்கு அது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான் பொருந்தும், பெங்களூருக்கு ஒரு சேலையை விற்றாலும் பொதுவாகப் பதிவு கட்டாயமாகிவிடும்.