தபால் வேறு, முத்திரை வேறு

கேள்வி: 1840இல் ரோலண்ட் ஹில் கறுப்புப் பென்னி முத்திரையைக் கொண்டுவந்தபோதுதான் தபால் சேவை பிறந்தது என்று மகளின் பாடக்குறிப்பில் இருக்கிறது. அதற்கு முன் உலகில் எங்கும் ஒழுங்கான தபால் இருக்கவில்லையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: குறிப்பு பிழை, திருத்திக் கொடுங்கள். 1840இல் பிறந்தது முத்திரை. தபால் அதைவிட ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. களைத்த ஆளும் குதிரையும் நின்றுவிட, பை மட்டும் நிற்காமல் கைமாறிப் போனால் அதுதான் தபால். பாரசீகப் பேரரசில் சார்டிசிலிருந்து சூசாவுக்குப் போன அரச பாதையில் 111 தங்குமிடங்கள் இருந்தன, நடந்தால் 90 நாள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அரச தூதுக்கோ, ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் புதிய குதிரை, புதிய ஆள்.

நமக்கு இன்னும் கிட்டிய சாட்சி, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 14ஆம் நூற்றாண்டு மொரோக்கோப் பயணி இப்னு பதூதா. டில்லி சுல்தானின் தபாலை அவர் விவரிக்கிறார். குதிரைத் தபாலுக்கு நான்கு மைலுக்கு ஒரு நிலை. ஓட்டத் தபாலுக்கு மைலில் மூன்றிலொரு பங்குக்கு ஒன்று. ஓடுபவர் ஒரு கையில் கடிதம், மறுகையில் செப்பு மணிகள் கட்டிய இரண்டு முழக் கோல் வைத்திருப்பார். மணியொலி கேட்டதும் அடுத்தவர் எழுந்து தயாராகிவிடுவார். தூரம் குறுகியது என்பதால் ஒவ்வொருவரும் முழு மூச்சில் ஓடலாம். அதனால் இது குதிரையையும் முந்தியது. பயணிகளுக்கு 50 நாள் எடுக்கும் சிந்து–டில்லி வழியில் செய்தி 5 நாளில் சேர்ந்தது.

ஆனால் அவை அரசருக்கான தபால்கள். பொதுமக்களின் கடிதங்களை ஏற்றபோதுதான் காசை யார் கட்டுவது என்ற சிக்கல் வந்தது. இங்கிலாந்தில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால் மக்கள் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். பெரும்பாலும் பெறுபவரே காசு கட்ட வேண்டும். அவர் வேண்டாமென்றால் சுமந்துபோன கூலி வீண். ஹில் தீர்த்தது இதைத்தான்: நாட்டுக்குள் எங்கு போனாலும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, அதுவும் முன்கூட்டியே. அவர் முத்திரையிலும் ஒரு பிழை இருந்தது. கறுப்பு முத்திரைமேல் குத்திய சிவப்பு மையைச் சிலர் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினார்கள். அதனால் 1841இல் முத்திரையைச் செம்பழுப்பாக்கி, குத்தும் மையைக் கறுப்பாக்கினார்கள்.

கொழும்பு–கண்டித் தபால் வண்டி ஓடத் தொடங்கியது 1832இல், கறுப்புப் பென்னிக்கு 8 ஆண்டு முன்பு. இலங்கையின் முதல் முத்திரை வந்தது 1857 ஏப்ரல் 1இல்: 6 பென்ஸ், இங்கிலாந்து போகும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு. இடைப்பட்ட 25 ஆண்டும் அந்த வண்டி இலங்கை முத்திரை ஒன்றுகூட இல்லாமல்தான் கடிதம் சுமந்தது. மகளின் குறிப்பில் இந்த இரண்டு ஆண்டுகளையும் எழுதிவையுங்கள்.