ரின் கிட் பியரில் வலுவையும் சுவையையும் கூட்டுவது எப்படி?

கேள்வி: ஊர் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் இருக்கிறேன். ரின் கிட் (ரின்னில் அடைத்து வரும் பார்லி மோல்ட் பாகு) வாங்கி வீட்டில் பியர் போடுகிறேன். 23 லீற்றருக்குப் போட்டால் தண்ணியாகவும் வலுக் குறைவாகவும் வருகிறது. சீனியைக் கூட்டினால் சரிவருமா?

சரிவராது தம்பி. சீனியைக் கூட்டினால் வலு ஏறும், ஆனால் பியர் இன்னும் தண்ணியாகத்தான் போகும். ஈஸ்ட் சீனியை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும், நாக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. மோல்ட், அதாவது முளைவிட்ட பார்லியின் சத்து, அப்படியில்லை. அதில் கால்வாசி அளவு ஈஸ்ட்டால் தின்ன முடியாதது. பியருக்குக் கனம் கொடுப்பது அந்தக் கால்வாசிதான்.

நான் மெல்பேணில் இருந்த காலத்தில் விடாமல் பியர் போட்டவன். யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு நிறுத்திவிட்டேன். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். உங்களுக்கு அங்கே 1963 முதல் அந்தத் தடை இல்லை, விற்காமல் இருந்தால் சரி.

முதலில் கணக்கு. 1.7 கிலோ ரின்னோடு 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சீனி) போட்டு 23 லீற்றர் ஆக்கினால் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) தொடக்கத்தில் சுமார் 1.039 காட்டும், முடிவில் 1.009. வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் மதுசாரம் 4 சதவீதத்துக்குக் கிட்ட. இனி 20 லீற்றரோடு நிறுத்துங்கள். டெக்ஸ்ட்ரோஸை அரைக் கிலோவாகக் குறைத்து, ஒரு கிலோ உலர் மோல்ட் தூள் சேருங்கள். தொடக்கம் 1.054 அளவில் வரும், 1.013இல் நின்றால் 5.4 சதவீதம். தண்ணியைக் குறைப்பது செலவே இல்லாத வழி, அதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

மோல்ட் கூடினால் இனிப்பும் கூடும், ரின்னில் இருக்கும் கசப்பு அதற்குக் காணாது. மூன்று லீற்றர் தண்ணியில் அந்த உலர் மோல்ட்டில் 300 கிராம் கரைத்துக் கொதிக்க வையுங்கள். நுரை பால் பொங்குவது போலத் திடீரென்று ஏறும், பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை அடங்கியதும் 15 கிராம் ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) போட்டு அரை மணித்தியாலம் கொதிக்கட்டும். அடுப்பை அணைத்த பிறகு இன்னொரு 15 கிராம், அது வாசத்துக்கு. கஸ்கேட் என்ற ஹொப்ஸ் வகையைப் போட்டால் தோடம்பழத் தோலைக் கிள்ளினால் வரும் வாசம் வரும். ரின்னில் இருக்கும் பாகைக் கொதிக்க விடாதீர்கள், அதில் ஏற்கெனவே இருக்கும் ஹொப்ஸ் வாசம் ஆவியோடு போய்விடும்.

ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் கிட் என்றால் டெக்ஸ்ட்ரோஸில் பாதிக்குப் பதிலாக 250 கிராம் பனங்கட்டி போட்டுப் பாருங்கள். எனக்கு இதில் தனி ஆசை. அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும். உடைத்து வெந்நீரில் கரைத்தால் அடியில் மண்ணிறத்தில் வண்டல் படியும். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் பூசும் சுண்ணாம்பும் அதில் கொஞ்சம் கிடக்கும். தெளிவை மட்டும் துணியில் வடித்து, ஒரு கொதி விட்டுச் சேருங்கள். இனிப்பு முழுக்கப் போய்விடும், பனங்கட்டியின் புகைச்சல் மணம் மிஞ்சும். வறுத்த தானியச் சுவைக்கு அது அவ்வளவு பொருத்தம்.

அப்புறம் சூடு. நம்மூர் வெக்கையில் கள்ளு முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும், அதை அன்றைக்கே குடித்தும் முடித்துவிடுவோம். பியருக்கு அந்த அவசரம் கூடாது. 28 பாகையில் ஏல் வகைப் பியருக்கான ஈஸ்ட்டை விட்டால் தின்னர் வாசம் அடிக்கும், எவ்வளவு நல்ல மோல்ட் போட்டும் பிரயோசனமில்லை. 18 முதல் 20 பாகைக்குள் வைத்திருங்கள். ஜூலை மாதம் என்றால் பியர் நொதிக்கும் வாளியை அகலமான பாத்திரத்துத் தண்ணியில் இறக்கி, ஈரத் துவாயால் சுற்றிவிடுங்கள். கிட் மூடிக்குள் வரும் ஈஸ்ட் பைக்கற் பெரும்பாலும் 5 முதல் 7 கிராம்தான். இந்த வலுவுக்கு 11 கிராம் பைக்கற் தனியாக வாங்குங்கள்.

ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவைக் காட்டும்வரை போத்தலில் அடைக்க வேண்டாம். அவசரப்பட்டு அடைத்தால் போத்தல் வெடிக்கும். போத்தலில் வாயு பிடிக்க 20 லீற்றருக்கு 130 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் போதும். இரண்டு கிழமையில் நுரை பிடிக்கும், ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் போனது சுவை சேர ஒரு மாதமாவது வேண்டும். பனங்கட்டி போட்டதென்றால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள்.