கொக்கும் இருந்தது

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தோடு இலக்கியம் விட்டுப்போயிற்று. இப்போது பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகக் குறுந்தொகைப் பாட்டுகளை இன்றைய தமிழில் எழுதிப் பார்க்கிறேன். பன்னிரண்டு ஆகியிருக்கிறது. அவள் ஆசையாகப் படிக்கிறாள். ஆனால் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, "கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தால் பல் எதற்கு? மூலத்தையே படிக்கட்டும்" என்கிறார். நான் செய்வது தப்பா? 25ஆம் பாட்டுக்கு எழுதியது இது:

"எங்கள் காதலுக்குச் சாட்சி யாரும் இல்லை. அந்த ஏமாற்றுக்காரன் சொன்ன சொல்லை மறந்துவிட்டால் என் கதி என்ன? நாங்கள் சேர்ந்திருந்தபோது ஒரு பறவை இருந்தது. ஆனால் அது மீனையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்காகச் சாட்சி சொல்லாது."

ம.

அன்புள்ள ம.,

தப்பே இல்லை. பன்னிரண்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெரியப்பா அறியாததல்ல, இருந்தாலும் நினைவுபடுத்துங்கள். குறுந்தொகையில் 380 பாட்டுகளுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரும், அவர் விட்டுவைத்த 20க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள். இரண்டுமே நம் கைக்கு வராமல் அழிந்துபோயின. அவர்கள் காலத்திலேயே இந்தப் பாட்டுகளுக்கு உரை வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். 1937இல் உ.வே.சா. பதிப்பித்தபோதும் பதவுரை, கருத்து, விளக்கம் எல்லாம் எழுதிச் சேர்த்துத்தான் கொடுத்தார். நானும் அந்தப் பதவுரையில் சொல் சொல்லாக விரலை வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். உங்கள் மகளுக்கு அந்த விரலாக நீங்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் 25க்கு வருகிறேன். அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சொற்களை எளிமையாக்கியதோடு நிற்காமல், பாட்டை எழுதிய கபிலர் வாய்விட்டுச் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். மூலத்தை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

இதில் 'சாட்சி' என்ற சொல்லே இல்லை. 'காதல்' இல்லை. குருகு, அதாவது கொக்கு, சாட்சி சொல்லாது என்று பாட்டில் தன் தோழியிடம் பேசுகிற அந்தப் பெண் எங்கேயும் சொல்லவில்லை. அது ஆரலைப் பார்த்துக்கொண்டு நின்றது என்கிறாள், அதோடு விட்டுவிடுகிறாள். 'அதன் கண் மீன்மேல் இருந்ததே, நம்மைப் பார்த்திருக்காதே' என்பது கேட்கிற நமக்குத் தானாக உறைக்க வேண்டும். உறைக்கிற அந்த நொடியில்தான் அவளுடைய பயம் நமக்கும் வருகிறது. உங்கள் கடைசி வாக்கியம் மகளுக்கு அந்த நொடி கிடைக்காமல் செய்துவிட்டது.

இரண்டாம் அடியில் வரும் 'அது' எது? அங்கே சொல்லவில்லை. கால், நீர், மீன், பறவை என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசிச் சீர்களில்தான் 'தான் மணந்த ஞான்று', அதாவது அவன் என்னைச் சேர்ந்த அன்று, என்று வருகிறது. தோழியிடம்கூட உடனே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீங்கள் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்த இரண்டு 'உம்'. 'யாரும் இல்லை' என்று தொடங்குகிறாள். பிறகு நினைவுக்கு வந்ததுபோல் 'குருகும் உண்டு' என்கிறாள். முதல் 'உம்' ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டாவது 'உம்' ஒரே ஒரு பறவையை உள்ளே கூட்டிவருகிறது, எதற்கும் உதவாத ஒரு பறவையை. இத்தனை நூற்றாண்டு கழித்தும் அதே 'உம்'மை அதே வேலைக்குத்தான் தினமும் பேச்சில் வைத்திருக்கிறோம். அகராதியே வேண்டாம், அப்படியே எடுத்து வைக்கலாம். நீங்கள் 'ஒரு பறவை இருந்தது' என்று எழுதி அதை விட்டுவிட்டீர்கள்.

ஆரலை வெறும் 'மீன்' ஆக்காதீர்கள். பாம்புபோல் ஒல்லியாக நெளிந்து சேற்றுக்குள் புகுந்துவிடும் மீன் அது. ஆரா என்ற பெயரில் இன்றும் விற்பனைக்கு வருகிறது. அதைப் பிடிக்க நிற்கிற கொக்கு இப்படி அப்படிக் கண்ணைத் திருப்ப முடியாது. மகளுக்குத் தெரியாவிட்டால் படம் காட்டுங்கள். 'ஏமாற்றுக்காரன்' என்பதும் வேண்டாம். 'கள்வன்' என்பதில் கோபம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. 'திருடன்' என்று இன்றும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

அங்கே யாரும் இல்லை, அந்தத் திருடன் மட்டும்தான்.
அவனே அதை இல்லை என்றுவிட்டால் நான் என்ன செய்ய?
தினைத்தாள் போல மெலிந்த பச்சைக் காலோடு
ஓடுகிற நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டு
ஒரு கொக்கும் இருந்தது, அவன் என்னைச் சேர்ந்த அன்று.

கபிலரின் ஓசை இதில் வரவில்லை. 'சிறுபசுங் கால' என்று வாய் மெல்ல நீளுகிற இடம் போயே போய்விட்டது. அதனால்தான் எளிய வடிவத்தை மட்டும் கொடுக்காமல், பக்கத்திலேயே மூலத்தையும் எழுதி வையுங்கள். முதலில் உங்களுடையதைப் படிக்கட்டும், பிறகு மூலத்தை உரக்கப் படிக்கட்டும். பெரியப்பாவையே படித்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

பன்னிரண்டு முடிந்ததே, அடுத்து 167ஐ எடுங்கள். காந்தள் போன்ற விரலால் தயிர் பிசைந்து, குவளைக் கண்ணில் தாளிக்கிற புகை ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று' ('மகிழ்ந்தன்று' என்றால் மகிழ்ந்தது). அந்த 'நுண்ணிதின்' எனக்கு இன்னும் வசப்படவில்லை. 'லேசாக' என்றால் மகிழ்ச்சி குறைந்துபோகிறது, 'உள்ளுக்குள்' என்றால் முகத்தில் தெரிந்தது மறைந்துபோகிறது. மகளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்