வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால்: இந்த வாரக் கேள்வி பதில்

முட்டைப் பண்ணையில் கோழிகளின் உடல்நலம் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. இப்போது வீட்டில் நாலைந்து கோழிகளோடு சரி. நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் மருந்தளவு கேட்காதீர்கள். கிளி, புறா கேள்விகளும் வேண்டாம். மற்றதைக் கேளுங்கள்.

செராங்கூன் கார்டன்ஸ் வாசகி: அக்கா, ஆறு கோழி வைத்திருக்கிறோம். நேற்று மாலை நன்றாகத் தீனி தின்றன. காலையில் இரண்டு செத்துக் கிடக்கின்றன. ஒன்றின் கொண்டை கருநீலமாக இருக்கிறது. மற்றவை மூலையில் தூங்கி வழிகின்றன. பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாமா?

போடாதீர்கள் தங்கச்சி. ஒரே இரவில் இரண்டு, அதுவும் கொண்டை நீலம் பாய்ந்து என்றால் முதலில் பறவைக் காய்ச்சலைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெள்ளைக் கழிச்சலாகவும் இருக்கலாம், கூண்டு சூடேறிச் செத்திருக்கவும் கூடும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு அந்தச் செத்த கோழிகள் தேவை.

இப்போதே சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர்கள் வரும்வரை செத்தவற்றின்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். காகம் கொத்தினால் விஷயம் உங்கள் வேலியைத் தாண்டிவிடும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் கிட்டே போகாதீர்கள். பிள்ளைகளையும் பூனையையும் உள்ளே வையுங்கள். முட்டை, தீனி மூட்டை, எருவுக்கு எடுத்துவைத்த எச்சம் எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு வாரா வாரம் கொடுக்கும் முட்டையும் அதில் சேர்த்தி.

முக்கியமாகச் செருப்பு. கூண்டுக்குள் போட்ட செருப்பு கூண்டு வாசலிலேயே கிடக்கட்டும். கோழிக்கு நோய் கொண்டுபோவதில் காற்றைவிட மனிதக் கால் கெட்டிக்காரத்தனமானது. அடுத்த பத்து நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், கோழி செத்த விஷயத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஈசூன் வாசகர்: நாங்கள் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. தாழ்வாரத்தில் இரண்டு கோழி வைத்தால் நோய் வருமா?

நோய்க்கு முன்னால் அதிகாரிகள் வருவார்கள். வீவக வீட்டில் கோழிக்கு அனுமதி இல்லை. தனியார் தரைவீட்டில் 10 வரை வைக்கலாம், விற்பனைக்கு இல்லாமல், வெளிப் பறவை நுழைய முடியாத கூண்டில்.

பொங்கோல் வாசகர்: என் மாமனார் வீட்டுக் கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. இன்னொன்று கழுத்து முறுக்கி வானத்தைப் பார்க்கிறது. ஊரில் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கலாமா?

நீங்கள் சொல்வதெல்லாம் வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிகெட் நோய்க்குப் பொருந்துகிறது. கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்கும், முட்டை சட்டென்று நின்றுவிடும், இட்டாலும் தோல்முட்டையாக இருக்கும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும். இது வைரஸ் நோய். இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. மஞ்சள் கோழிக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அதை அரைத்து ஊட்டும் மூன்று நாளும் நோய் பரவும் மூன்று நாள். இதுவும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்தான். விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையை உடனே அழைக்கும்படி மாமனாரிடம் சொல்லுங்கள். அங்கே போய்வந்த செருப்போடு இன்னொரு கோழி வீட்டுக்குப் போகாதீர்கள்.

பாசிர் ரிஸ் வாசகி: ஒரு மாதக் குஞ்சுகள், எச்சத்தில் ரத்தம். எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களா என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். அந்த வயதில் ரத்தக் கழிச்சல்தான் முதல் சந்தேகம். குடலில் வளரும் ஒட்டுண்ணி, மருந்துக்கு அடங்கும். கோழி பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் புதிய எச்சத்தை டப்பாவில் கொண்டுபோங்கள். ஈரமான மரத்தூளை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். அந்த ஒட்டுண்ணிக்கு ஈரம்தான் உயிர்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கொண்டையிலும் கண் ஓரத்திலும் மரு மாதிரிக் கட்டிகள்.

அம்மை. கொசு பரப்பும். கட்டியைக் கிள்ளாதீர்கள், பொருக்கு தானாக உதிரும். வாய்க்குள் வெள்ளைப் படலம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவிக் கவிழ்த்துங்கள். டெங்கி பரிசோதனைக்கு வருபவர்கள் கோழிச் சட்டி என்று பார்க்க மாட்டார்கள், அபராதம்தான்.

புக்கிட் தீமா வாசகர்: மஞ்சளோடு வேப்பிலையும் சேர்த்தால் பறவைக் காய்ச்சல் போகுமா?

போகாது. மேலே படியுங்கள்.

சிராங்கூன் நார்த் வாசகர்: அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். ஒரு கோழிக்கு நோய் என்றால் நலமாக இருக்கும் மற்றவற்றையும் ஏன் கொல்ல வேண்டும்? சின் மிங்கில் 24 கோழிகளைக் கொன்றார்களே, அவற்றுக்கு என்ன நோய் இருந்தது?

இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள் தம்பி. 2017-இல் சின் மிங் அவென்யூவில் நடந்தது சத்தம் தாங்கவில்லை என்ற புகாரில் தொடங்கியது. பறவைக் காய்ச்சல் ஆபத்தும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஊரே கொதித்தது, எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. கூவும் சேவலுக்கு வேறு வழி பார்த்திருக்கலாம்.

நோய் உறுதியான கூண்டு வேறு. நலமாகத் தெரியும் கோழி நலமான கோழி இல்லை. அறிகுறி தெரிவதற்கு முன்பே வைரஸ் எச்சத்தில் இறங்கத் தொடங்கிவிடும். வாத்து இன்னும் மோசம், சொகுசாக நீந்திக்கொண்டே பரப்பும்.

அதே வாசகர்: பிழைத்த கோழிக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்குமே. அதைக் கொல்வது முட்டாள்தனம் இல்லையா?

மரின் பரேட் வாசகி: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் கோழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். பண்ணை ஆட்களுக்கு அது புரியாது.

பெயர் வைத்த கோழிதான் என் வீட்டிலும் திரிகிறது. புரிகிறது. தம்பியின் கேள்வி நியாயமானது, ஆனால் பிழைத்த கோழி கொஞ்ச காலம் வைரஸை வெளியே விடும். எவ்வளவு நாள் என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. ஹாங்காங்கில் 1997-இல் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதருக்குத் தாவியபோது 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க் கோழிகள் அத்தனையையும் ஆண்டின் கடைசியில் அழித்தார்கள். அதோடு அந்த அலை நின்றது. எனக்கும் பிடித்தமான முடிவு இல்லை. அந்த வைரஸை உங்கள் பிள்ளை தூங்கும் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டும் என்னால் ஏற்க முடியாதது.

அதே வாசகர்: சரி, அப்படியென்றால் நாமே வலிக்காமல் அறுத்துவிடலாமே?

கூடவே கூடாது! மனிதருக்குத் தொற்றிய பல சம்பவங்களில் நோய்க்கோழியை அறுத்ததும் இறகு பிடுங்கியதும்தான் வழி. ரத்தமும் துகளும் முகத்தில் அடிக்கும். பயிற்சி பெற்றவர்கள் கவச உடையோடு செய்யட்டும். நீங்கள் செய்யக்கூடியது, கூண்டின்மேல் துணி போட்டு இருட்டாக்குவது. இருட்டில் கோழி அடங்கிவிடும், ஆள் பிடிக்கும்போது அலறாது. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள். "கோழி கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போய்விட்டது" கதையெல்லாம் வேண்டாம்.

ஜூரோங் வாசகர்: செத்த கோழியை நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா? 70 டிகிரியில் வைரஸ் சாகும் என்றார்களே.

சட்டியில் சாகும். சட்டிக்குப் போகும் வழியில் உங்கள் கையில், கத்தியில், பலகையில் உயிரோடு இருக்கும். சாப்பிடாதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: கிளி தும்முகிறது.

முதல் பத்தி.

அங் மோ கியோ வாசகி: மஞ்சள் வேலை செய்யாவிட்டால் கீழாநெல்லி?

அம்மா, தாயே.

பாய லேபார் வாசகர்: சென்னையிலிருந்து வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து கொண்டுவரலாமா? போன மாதம் எல்லாம் செத்து, கூண்டு காலியாக இருக்கிறது. மறுபடி எப்போது குஞ்சு விடலாம்?

கொண்டுவராதீர்கள். அது உயிருள்ள கிருமி கொண்ட மருந்து, 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும், பெட்டியில் வெந்துபோனதைக் கொடுத்துப் பயனில்லை. அனுமதியில்லாமல் கொண்டுவருவதும் குற்றம். இங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள்.

எதனால் செத்தன என்று தெரியாமல் புதுக் குஞ்சு வாங்காதீர்கள். அதிகாரிகள் வந்திருந்தால் அவர்கள் சொல்லும் நாள்தான் நாள். வரவில்லை என்றால் ஏன் அழைக்கவில்லை என்று முதலில் சொல்லுங்கள். சுத்தம் செய்யும்போது எச்சத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு குளோராக்ஸ் (வெளுப்பான்) கலந்த நீரை ஊற்றுங்கள். அழுக்கின்மேல் ஊற்றினால் மருந்து அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். மரக்கட்டைப் பரணை எரிச்சல் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்யுங்கள், விரிசலுக்குள் தூரிகை போகாது. புதுக் குஞ்சை ஜோகூரிலிருந்து காரில் மறைத்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால், அடுத்த வாரம் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள்.