ஒரே கேபினட்டில் இரண்டு கம்ப்யூட்டர்: தண்ணீர் எப்படிச் சுற்ற வேண்டும்?

கேள்வி: எடிட்டிங்குக்கு ஒன்று, நேரலை ஒளிபரப்புக்கு ஒன்று என இரண்டு கம்ப்யூட்டரை ஒரே பெரிய கேபினட்டில் பூட்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே கூலிங் லூப் (பம்ப் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை ஆற்றும் குழாய் அமைப்பு) போதுமா? (ஓசூர் வாசகர்)

போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: பம்புக்கு எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கரண்ட் வரப்போகிறது? எடிட்டிங் கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால், அதை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட்டும்போது தண்ணீர் அசையாமல் நிற்கும். ப்ராசசர் சூடேறி, வேகத்தைக் குறைத்துப் பார்த்து, கடைசியில் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். ஒளிபரப்பின் நடுவே இது நடந்தால் எப்படி இருக்கும்?

அதனால் டி5 வகை பம்ப் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஆளுக்கொரு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஒன்று நின்றாலும் அதன் வழியாகவே தண்ணீர் போகும். ஓடுகிற பம்ப் தள்ளிவிடும். தண்ணீரின் சூட்டைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டரின் ஃபேன்களையும் இப்படியே பிரித்துக் கொடுங்கள். இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் வயர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இடம் இருக்கிறவரை தனித்தனி லூப்தான். பொது லூப்பில் ஒரு கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதற்குக்கூட மொத்தத் தண்ணீரையும் வடித்தாக வேண்டும். அதுவரை இரண்டு கம்ப்யூட்டரும் சும்மா கிடக்கும். தொழிலுக்கு வைத்திருப்பவருக்கு இது பெரிய நஷ்டம்.

கேள்வி: பொது லூப்பில் இரண்டாவது கம்ப்யூட்டருக்குச் சூடான தண்ணீர்தானே போகும்? (கிருஷ்ணகிரி வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கம்ப்யூட்டர் 500 வாட் சூட்டைத் தண்ணீரில் இறக்குகிறது, தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்றால், ஏறும் சூடு 2 டிகிரிக்கும் குறைவு. அதனால் எது முதலில் என்பது முக்கியமில்லை; டியூப் எந்த வரிசையில் மடங்காமல் போகிறதோ, அப்படியே விடுங்கள்.

கேள்வி: வீட்டில் போர் தண்ணீர்தான் இருக்கிறது. ஆர்.ஓ.வில் வடித்து ஊற்றலாமா? (தருமபுரி வாசகர்)

வேண்டாம். நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஃப்ளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆர்.ஓ. உப்பைக் குறைக்கும், முழுக்க எடுக்காது. ப்ராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கின் உள்ளே இருக்கும் வரிகள் முடி அளவுக்கு மெல்லியவை. கொஞ்சம் உப்புப் படிந்தாலே அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்ட் வாட்டரில் துருவையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள், அல்லது இதற்கென்றே விற்கும் கூலன்ட் வாங்குங்கள். அப்புறம், செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: மே மாதத்தில் அறையிலேயே 38 டிகிரி. தண்ணீர் அதைவிடக் குளிருமா? (அரூர் வாசகர்)

குளிராது. ரேடியேட்டர் அறைக்காற்றை வைத்துத்தான் ஆற்றுகிறது. லோடில் தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருந்தால், உங்களுக்கு அது 48. ஓசூர்க்காரருக்குப் போதுகிற ரேடியேட்டர் உங்களுக்குப் போதாது. ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். பெட்ஜி என்கிற கெட்டி பிளாஸ்டிக் டியூப் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் என்பதால் ரப்பர் டியூப்பே நல்லது.

கேள்வி: ஒழுகுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? (பாலக்கோடு வாசகர்)

மதர்போர்டு, கார்டு எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். இரண்டு லூப் என்றால் இரண்டையும் இப்படிச் சோதித்த பிறகே முதல் முறை ஆன் செய்யுங்கள்.