வீடியோ திக்கித் திக்கிப் பதிகிறதா? மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கடைசியில் கேட்கிறார்கள்: "புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடட்டுமா?" பொறுங்கள். ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப் படம்) எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடித்த பிறகு செலவைப் பற்றி யோசிக்கலாம்.

தொண்ணூறுகளில் எடுத்த ஹெத்தையம்மன் பண்டிகை கேசட் எங்களிடம் இருக்கிறது. இப்போது இல்லாத பெரியவர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். கேசட் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி வாங்கி, பழைய டூயல் கோர் கம்ப்யூட்டரில் ஏற்றினால் படம் ஜெர்க் அடிக்கிறது. டி.வி.யில் நன்றாகத்தான் ஓடுகிறது. (வாசகி, கோத்தகிரி)

அம்மா, முதலில் ஒரு சோதனை. கேசட்டின் ஒரே ஐந்து நிமிடப் பகுதியை இரண்டு தடவை பதியுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் படம் குதித்தால் கோளாறு டேப்பிலோ வி.சி.ஆரிலோ இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் குதித்தால் கம்ப்யூட்டரைப் பாருங்கள். இதைச் செய்யாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

டி.வி.யில் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து டேப் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பழைய டேப்பிலிருந்து வரும் சிக்னலில் ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரம் லேசாக முன்பின் ஆடும். பிக்சர் டியூப் டி.வி. அதை அனுசரித்துப் போய்விடும். கேப்சர் கருவியோ குழம்பிப்போய் அந்த ஃபிரேமையே விட்டுவிடும். இதற்கென்றே டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி உண்டு, விலை அதிகம். தெரிந்தவர் வீட்டில் பழைய டி.வி.டி. ரெக்கார்டர் (பிளேயர் அல்ல, பதிவு செய்யும் ரகம்) சும்மா கிடந்தால் அதை வி.சி.ஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் இணைத்துப் பாருங்கள். சில மாடல்கள் சிக்னலைச் சீராக்கித் தரும்.

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று தெரிந்தால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நம் ஊர் டி.வி.யின் பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேம் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். சுருக்காமல் பதிந்தால் நொடிக்குச் சுமார் 20 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 75 ஜி.பி. அளவில் போகும். இவ்வளவும் ஒரே யு.எஸ்.பி. 2.0 வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அதனால் கருவியை முன்பக்க போர்ட்டிலோ ஹப்பிலோ செருகாதீர்கள். கேபினட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். பதியும் ஃபைலை யு.எஸ்.பி.யில் மாட்டிய வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்புவதும் கூடாது. வருவதும் போவதும் ஒரே பாதை என்றால் நெரிசல் நிச்சயம்.

கருவியோடு வரும் மென்பொருள் பதியும்போதே எச்.264 என்ற சுருக்கும் முறைக்கு மாற்றப் பார்க்கும். டூயல் கோருக்கு அது பெரும் பாரம். விர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில், ஹஃப்யூவ் கோடெக்கை (வீடியோவை இழப்பில்லாமல் லேசாகச் சுருக்கும் முறை) வைத்துப் பதியுங்கள். தரம் துளியும் குறையாது, ப்ராசசருக்கும் அதிக வேலை இல்லை. எச்.264 ஆக மாற்றுவதை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் ஃபிரேம் தொலையாது. பதியும் நேரத்தில் இன்டர்நெட் வேண்டாம், ஆன்டிவைரஸ் ஸ்கேன் வேண்டாம். விர்ச்சுவல்டப்பின் ஓரத்தில் எத்தனை ஃபிரேம் விடுபட்டது என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். கண் அதன்மேல் இருக்கட்டும்.

மலை ரயிலைப் பல வருடம் சின்ன டிஜிட்டல் கேசட் கேமராவில் எடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் கேபிள் வழியாக ஏற்றுகிறேன். இருபது நிமிடம் நெருங்கும்போது நின்றுவிடுகிறது. சமீபமாகப் படமும் துண்டு துண்டாக வருகிறது. (வாசகர், குன்னூர்)

ஐயா, இது இரண்டு தனித்தனிச் சங்கதி. நிற்பதற்குக் காரணம் ஃபேட் 32 (டிரைவில் ஃபைல்களை அடுக்கும் பழைய முறை). அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. உங்கள் கேசட் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும், கணக்குச் சரியாக இருபது நிமிடத்தில் முட்டுகிறது. உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு அந்த டிரைவை, பெரிய ஃபைலையும் ஏற்கும் என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றுங்கள்.

துண்டு துண்டாக வருவதற்கு விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஐ.டி.இ. சேனலை (ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும் பாதை) திறந்து, ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் ஓடுகிறது என்று பாருங்கள். பி.ஐ.ஓ. என்ற மெதுவான முறை இருந்தால் அதுதான் காரணம். டிஸ்க்கிலிருந்து அடிக்கடி பிழை வந்தால் எக்ஸ்.பி. தானாகவே வேகமான டி.எம்.ஏ. முறையை விட்டு இதற்கு இறங்கிவிடும், பிறகு தானாக ஏறாது. சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும். மறுபடி இறங்கினால் ரிப்பன் கேபிளை மாற்றுங்கள். அப்படியும் தொடர்ந்தால் டிஸ்க் சாகப்போகிறது என்று அர்த்தம். ரயில் படங்களை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ராம் 4 ஜி.பி.யை 8 ஆக்கினால் படம் திக்குவது சரியாகுமா? (வாசகர், ஊட்டி)

பெரும்பாலும் ஆகாது. அந்தப் பணத்துக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி, விண்டோஸை அதில் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை வீடியோ பதிவதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கை கால் அசையும் இடத்தில் எல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது. ஃபிரேம் விடுபடுகிறதா? (வாசகி, வெலிங்டன்)

இல்லை, உங்கள் பதிவு சரியாகத்தான் இருக்கிறது. கேசட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதியாக இருக்கும். கம்ப்யூட்டர் திரை இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது கோடு தெரிகிறது. மூலப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் டீஇன்டர்லேஸ் (பாதிகளை முழுப் படமாக்குவது) செய்யுங்கள், நொடிக்கு 50 ஃபிரேமாக. 25 என்று வைத்தால் அசைவின் நளினத்தில் பாதி போய்விடும்.

பழைய லேப்டாப், வெப்கேம், ஓ.பி.எஸ். என்ற பதிவு மென்பொருள் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் பதிகிறேன். மூடுபனி நாளில் படம் ரொம்பத் திக்குகிறது, வெயில் நாளில் பரவாயில்லை. பனிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? (ஆசிரியை, கொடைக்கானல்)

வானிலையைக் கவனித்துக் கேட்டீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்கும். நொடிக்கு 30 எடுத்தது 15-க்கோ அதற்கும் கீழோ இறங்கும். லேப்டாப்பில் பிழையே இல்லை. முகத்துக்கு எதிரே ஒரு எல்.இ.டி. பல்பு வைத்து, கேமரா அமைப்பில் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்துவிடுங்கள்.

வெயில் நாளிலும் கொஞ்சம் திக்கினால், ஓ.பி.எஸ்.ஸில் கேமராவின் வீடியோ ஃபார்மட் ஒய்.யு.ஒய்.2 (சுருக்காத படம்) என்று இருக்கிறதா பாருங்கள். 1280-க்கு 720 அளவில் அது நொடிக்கு 55 எம்.பி. கேட்கும், யு.எஸ்.பி. 2.0 அதைத் தாங்காது. சுருக்கி அனுப்பும் எம்.ஜெபெக் (MJPEG) என்று மாற்றுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் மாட்டியே பதியுங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் ப்ராசசர் வேகத்தைக் குறைத்துவிடும்.

கேசட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா? (வாசகர், கூடலூர்)

தயவுசெய்து ஓட்டாதீர்கள். ரீவைண்டும் வேண்டாம். அது பூஞ்சை. உங்கள் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்காக ஈரம் காயாத அலமாரியில் இருந்தால் வரத்தான் செய்யும். ஓட்டினால் டேப் சுற்றோடு சுற்று ஒட்டிக் கிழியலாம். தூள் வி.சி.ஆர். ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பாகம்) அடைத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஹெட் போனால் மாற்று தேடி அலைய வேண்டும்.

மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அந்தக் கேசட்டைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பூஞ்சை எடுத்துப் பழகியவரிடம் கொடுங்கள். சாதாரண ஸ்டுடியோவில் "ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். அதே அலமாரியில் இருந்த மற்றக் கேசட்டுகளையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுத்தமாக இருப்பவற்றை அடுத்த மழைக்கு முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.