பதில்: எஞ்சின்எக்ஸில் /படங்கள்/ விதி வேலை செய்யவில்லை

வணக்கம். எஞ்சின்எக்ஸ் வலைச் சேவையகத்தில் இயங்கும் உங்கள் வெள்ளவத்தைக் கடைத் தளத்தில் /படங்கள்/ பாதையிலுள்ள பிடிஎஃப் திறக்கிறது, பிஎன்ஜி மட்டும் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்கிறீர்கள். கோப்பு அனுமதியில் பிழையில்லை. உங்கள் உள்ளமைவுக் கோப்பில் கீழே எழுதியுள்ள பிஎன்ஜி ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) விதிதான் அந்தக் கோரிக்கையைப் பறிக்கிறது.

எஞ்சின்எக்ஸ் முதலில் '=' விதியை (முகவரி அப்படியே பொருந்த வேண்டியது) பார்க்கும். அது பொருந்தாவிட்டால், பொருந்தும் முன்னொட்டுகளில் (முகவரியின் தொடக்கப் பகுதிகள்) மிக நீளமானதை நினைவில் வைத்துக்கொண்டு ரெகெக்ஸ்களை மேலிருந்து கீழாகச் சோதிக்கும். முதலில் பொருந்தும் ரெகெக்ஸ் வென்றுவிடும். முன்னொட்டு விதிக்குள் நீங்கள் கொடுத்த ரூட் (கோப்புகளைத் தேடும் கோப்புறை) கைவிடப்படும். முன்னொட்டு விதிகளை இடம் மாற்றி வைப்பது வீண்வேலை, வரிசை ரெகெக்ஸுக்கு மட்டுமே.

விதியின் தொடக்கத்திலுள்ள லொகேஷன் என்ற சொல்லுக்கும் /படங்கள்/ என்பதற்கும் நடுவில் '^~' போடுங்கள், ரெகெக்ஸ் சோதனையே நடக்காது. ஆனால் /படங்கள்/சிறியவை/ என்று இன்னொரு விதி இருந்தால், அதிலும் '^~' வேண்டும். அங்கே நீளமான முன்னொட்டு அதுதான். உள்ளமைவைச் சோதித்த பிறகே ரீலோட் செய்யுங்கள்.